கே.ஜி.எஃப்.: பெயரும் பொருள்களும்

கே.ஜி.எஃப். என்பது கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் சுரங்க நகரத்தை இது குறிக்கிறது. தமிழில் இந்த ஊருக்குக் கோலார் தங்கவயல் என்றும், சுருக்கமாகத் தங்கவயல் என்றும் பெயர். கன்னடத்தில் கோலார சின்னத கணி என்பார்கள்.

தங்கம் கிடைக்கும் பாறைப் பகுதி, அதில் வெட்டப்பட்ட சுரங்கங்கள், சுரங்கங்களைச் சுற்றி வளர்ந்த நகரம், நகரத்தை ஆளும் நிர்வாகப் பிரிவுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சுருக்கம் வழங்குகிறது. 2018-க்குப் பிறகு ஒரு திரைப்படத்தின் பெயராகவும் உலகெங்கும் பரவியது. சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டாலும் பெயர் மாறவில்லை. இச்சுருக்கத்தின் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, யார் எந்தப் பொருளில் வழங்குகிறார்கள் என்பதை இக்கட்டுரை தொகுக்கிறது.

எழுத்து வடிவங்கள்

தமிழ் அச்சில் கே.ஜி.எஃப்., கே.ஜி.எப்., கேஜிஎஃப், கேஜிஎப் என நான்கு வடிவங்களும் காணப்படுகின்றன. பழைய நாளிதழ்களில் ஆய்தம் இல்லாத கே.ஜி.எப். வடிவமே மிகுதி. பேச்சில் இது முழுச் சொல்லாகவே நடந்துகொள்கிறது. வேற்றுமை உருபு சேரும்போது இறுதி மெய் இரட்டிக்கும்: கேஜிஎஃப்புக்கு, கேஜிஎஃப்புல. ஊராரைக் குறிக்கக் கேஜிஎஃப்காரர் என்ற சொல்லும் உண்டு.

முழுப் பெயரிலும் ஒருமை பன்மை வேறுபாடு இருக்கிறது. நிலவியல் அறிக்கைகளிலும் சட்டமன்றத் தொகுதியின் பெயரிலும் கோலார் கோல்டு ஃபீல்டு என்று ஒருமையில் வரும். பொது வழக்கில் ஃபீல்ட்ஸ் என்ற பன்மையே நிலைத்தது. இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றே.

கோலார் என்பதும் கே.ஜி.எஃப். என்பதும் ஒன்றல்ல. கோலார் மாவட்டத் தலைநகரம். கோலாரம்மன் கோயில் இருக்கும் பழைய ஊர். தங்கவயல் அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. கோலாரில் தங்கம் எடுத்தார்கள் என்று எழுதுவது பரவலான தவறு.

முதன்மைப் பொருள்கள்

1. தங்கப் பாறை: கோலார் பாறைப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் கொண்டது. சுமார் 270 கோடி ஆண்டுகள் பழமையான எரிமலைப் பாறைகளால் ஆனது. அதனூடே செல்லும் வெண்கல் நரம்புகளில்தான் தங்கம் படிந்திருந்தது. அவற்றில் மிக வளமானது சாம்பியன் நரம்பு. இந்தப் பகுதியில் பெத்தபள்ளி அருகே உள்ள எரிமலைப் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நிலவியலாளர் கே.ஜி.எஃப். என்றால் முதலில் மனதில் கொள்வது இந்தப் பாறையையே.

2. சுரங்கங்கள்: மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம், பாலகாட் என்ற சுரங்கங்களின் கூட்டுப் பெயர். ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பெனியாக லண்டனில் பதிவாகியிருந்தது. நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. பிற்காலத்தில் மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் ஆகிய மூன்றும் நிலைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்தையும் தாண்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் அது பல காலம் இருந்தது.

3. நகரம்: ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், ஊர்காம், மாரிக்குப்பம், கோரமண்டல், பி.இ.எம்.எல். நகர் ஆகிய பகுதிகள் சேர்ந்த நகரம். கடைவீதியும் சந்தையும் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த நகரை ராபர்ட்சன்பேட்டை என்ற பெயரில் பதிகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 1,62,000 பேர்.

4. ஆட்சிப் பிரிவுகள்: முன்பு பங்காருபேட்டை வட்டத்தில் இருந்த பகுதி இப்போது கே.ஜி.எஃப். வட்டம். கோலார் மாவட்டக் காவல்துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல் மாவட்டமும், தனிக் கண்காணிப்பாளரும் இதற்கு உண்டு. சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வாகனப் பதிவில் கோலாருக்கு கே.ஏ. 07 எண்ணும் கே.ஜி.எஃப்.புக்கு கே.ஏ. 08 எண்ணும் வழங்கப்பட்டுள்ளன.

ரயில் நிலையப் பெயர்களில் மட்டும் இந்தச் சுருக்கம் இடம்பெறவில்லை. பங்காருபேட்டையிலிருந்து பிரியும் கிளைப் பாதை 1890-களில் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. அதில் பி.இ.எம்.எல். நகர், கோரமண்டல், சாம்பியன், ஊர்காம் ஆகிய நிலையங்கள் உண்டு. பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. புதிதாக வருபவர் கே.ஜி.எஃப்.புக்கு டிக்கெட் கேட்டால், எந்த ஸ்டேஷன் என்ற கேள்வி வரும். அவர் போக வேண்டிய பகுதியைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

பெயர் உருவான வரலாறு

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-ல் ஊர்காம், மாரிக்குப்பம் கிராமங்களில் மக்கள் மண்ணைக் கழுவித் தங்கத் துகள் எடுப்பதைக் கண்டு அதை அறிக்கையாக எழுதினார். ஆங்கிலேயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே பழைய குழிகள் இருந்தன. தங்கவயலின் கதையை வாரனிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டாலும், அவருக்கு வழிகாட்டியவர்கள் அந்தக் கிராமத்தார்.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பெங்களூர் கன்டோன்மென்டில் வாழ்ந்த மைக்கேல் லாவெல் அந்த அறிக்கையைப் படித்தார். 1873-ல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்து, 1875-ல் குத்தகை பெற்றார். ஆழமாகத் தோண்ட அவரிடம் பணம் போதவில்லை, உரிமை கைமாறியது. 1880-ல் மைசூர் சுரங்கக் கம்பெனி உருவானது. சில ஆண்டுகள் எதுவும் கிடைக்காமல், கம்பெனியை மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் எண்ணிய நிலையில், 1880-களின் நடுவில் சாம்பியன் நரம்பு அகப்பட்டது. அதன் பிறகு கம்பெனிகள் அடுத்தடுத்து வந்தன. தனித்தனிச் சுரங்கங்களைச் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் என்பது அந்தத் தேவையில் நிலைத்த பெயர்.

கம்பெனிக் காகிதங்களிலிருந்து அந்தப் பெயர் மற்ற இடங்களுக்குப் பரவியதில் மின்சாரத்துக்கும் பங்கு உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் கட்டி, ஏறத்தாழ 147 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின் தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதன் பிறகு, 1905-ல். குடிநீருக்குப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போடப்பட்டது. பங்களாக்களும் கிளப்பும் ஆங்கில மருத்துவமனையும் சேர்ந்த அதிகாரிகள் பகுதியைக் கண்டவர்கள் ஊரைச் சின்ன இங்கிலாந்து என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஊரின் ஒரு சிறு மூலைக்கே பொருந்தும்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து பி.ஜி.எம்.எல். என்ற இன்னொரு சுருக்கமும் ஊர்ப்பேச்சில் கலந்தது. பி.ஜி.எம்.எல். என்றால் வேலை கொடுத்த நிறுவனம்; கே.ஜி.எஃப். என்றால் ஊர். வெளியூர்க்காரர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உள்ளூர்க்காரருக்கு அந்தக் குழப்பம் இல்லை. மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். 1964-ல் தொடங்கப்பட்ட தனி நிறுவனம். அதன் ஆலை இங்கே இப்போதும் இயங்குகிறது.

தொழிலாளர் வழக்கில்

சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஆதிதிராவிடர் மிகுதி. பஞ்சத்திலிருந்தும் பண்ணையடிமை முறையிலிருந்தும் வெளியேற அவர்களுக்குக் கிடைத்த வழிகளில் தங்கவயலும் ஒன்று. மேற்பார்வைப் பணிகளில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களும் இத்தாலியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர்.

தொழிலாளர் வழக்கில் கே.ஜி.எஃப். என்ற பெயர் ஊரை விட்டு வெளியே இருக்கும்போது பயன்படும் சொல். பெங்களூரிலோ சென்னையிலோ எந்த ஊர் என்று கேட்டால் கேஜிஎஃப் என்பார்கள். ஊருக்குள் அதே கேள்விக்குச் சாம்பியன், மாரிக்குப்பம், கோரமண்டல் என்று பகுதிப் பெயர் வரும். அதற்கும் உள்ளே போனால் லைன் பெயர் வரும். லைன் என்பது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. தொடக்கத்தில் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகள்; ஒரே அறைக்குள் குடும்பம் முழுவதும் இருக்க வேண்டும். சுரங்கத்துக்கு மைன்ஸ் என்றும் அதன் செங்குத்துக் குழிக்கு ஷாஃப்ட் என்றும் பெயர். கிஃபோர்டு ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட், ஹென்றி ஷாஃப்ட் என்று ஒவ்வொரு குழிக்கும் அதிகாரிகளின் பெயர்.

ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல் போனது. குளிரூட்டிய காற்றை உள்ளே செலுத்தித்தான் வேலை நடந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து பாறை வெடிப்பு. மேலிருக்கும் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென்று சிதறும். மேலே நகரத்திலும் நில அதிர்வு தெரியும். பழைய பதிவுகளில் இதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். வீட்டில் பாத்திரம் ஆடினால், கீழே இருப்பவர்களை எண்ணி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிய குடும்பங்களின் ஊர் இது. பாறைத் தூள் படிந்து நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் பலரை மெல்லக் கொன்றது. இந்தச் சுரங்கங்களிலிருந்து நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். அதைச் சொல்லும் எந்தக் குறிப்பும் அதற்குத் தொழிலாளர் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொழிலாளர் இயக்க வரலாற்றிலும் இந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. 1930-ல் கம்பெனிகள் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது, தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாகக் கருதி ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போக மறுத்தனர். கே.ஜி.எஃப். வேலைநிறுத்தம் என்று அது வரலாற்றில் பதிந்தது. 1940-களில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1946-ல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் இறந்தனர். பிறகு இந்தத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்டுகளும், அம்பேத்கர் வழிவந்த ரிபப்ளிகன் கட்சியினரும், அதிமுகவினரும் கர்நாடகச் சட்டமன்றத்துக்குச் சென்றார்கள். தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று கர்நாடகத்தின் இந்தத் தொகுதியில் வெல்ல முடிந்தது தங்கவயலின் தமிழ் மக்களால்.

தமிழ் அச்சுலகில்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தங்கவயல் ஒரு பதிப்பக ஊர். அயோத்திதாச பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டுப் பரப்பியது. 1907-ல் அவர் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைவுக்குப் பிறகு நின்று, 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது.

சுரங்கத்தில் உழைத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த பணத்தால் சங்கமும் பள்ளியும் புத்தகமும் நடந்தன. பகுத்தறிவு, சாதி மறுப்பு, பௌத்தம் ஆகியவை பற்றித் தமிழில் எழுந்த ஆரம்பகால எழுத்துகள் பல நமக்குக் கிடைத்திருப்பது இந்த ஊரின் அச்சுப் பணியால். ஆய்வாளர்கள் பழைய நூலின் முகப்பில் கோலார் கோல்டு பீல்டு என்று காணும்போது, தங்கம் எடுத்த ஊர் என்பதோடு இந்தப் பொருளையும் கொள்ள வேண்டும்.

இயற்பியலில்

இயற்பியலில் கே.ஜி.எஃப். சோதனை என்றால் தங்கத்துக்குத் தொடர்பில்லை. பூமியின் மேற்பரப்பில் விண்கதிர்கள் ஓயாமல் விழுவதால், மிக அரிதாகத் தடம் பதிக்கும் நியூட்ரினோ போன்ற துகள்களைப் பிரித்தறிய முடியாது. ஆழமான பாறைக்குக் கீழே போனால் மற்ற கதிர்கள் வடிகட்டப்பட்டுவிடும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் உள்ளிட்டோர் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து இங்கே கருவிகளை அமைத்தனர். தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், 1965-ல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடம் பதிவானது. அதே ஆண்டு தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதைக் கண்டது. புரோட்டான் சிதைகிறதா என்று தேடிய சோதனைகளும் 1980-களில் இங்கே நடந்தன. அந்தக் கருவிகளைக் கீழே இறக்கி, ஆழத்தில் இயங்க வழிசெய்தவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். பாறை இயக்கவியலை ஆராயும் தேசிய நிறுவனம் 1988-ல் இங்கே தொடங்கப்பட்டதற்கும் சுரங்கங்களே காரணம்.

திரைப்படப் பெயராக

பிரசாந்த் நீல் இயக்கி, யஷ் நடித்து, ஹொம்பாளே ஃபிலிம்ஸ் தயாரித்த கன்னடப் படம் கே.ஜி.எஃப். சாப்டர் 1, 2018 டிசம்பர் 21-ல் வெளியானது. சாப்டர் 2, 2022 ஏப்ரல் 14-ல் வந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓடிய இந்தப் படங்களால் சுருக்கம் புதிய பொருள் பெற்றது. படத்தில் நடித்தவர்களுக்குப் பெயர் அடைமொழியாகவே அது ஒட்டிக்கொண்டது. முதிய பார்வையற்றவராக நடித்த கிருஷ்ணா ஜி ராவைக் கே.ஜி.எஃப். தாத்தா என்றே மக்கள் அழைத்தனர். இன்று இணையத்தில் இந்த எழுத்துகளைத் தேடினால் முதலில் வருவது படம்.

படத்தில் வரும் நராச்சி கற்பனைச் சுரங்கம். சட்டம் எட்டாத இடத்தில் தனிமனிதர் ஒருவரின் அடிமைகளாக மக்கள் வேலை செய்வதாகக் கதை போகிறது. அந்தக் கதை நடக்கும் காலத்தில் உண்மையான தங்கவயல் அரசின் கையில் இருந்தது. தொழிற்சங்கங்களும் தேர்தல்களும் நூலகங்களும் அங்கே இருந்தன. படத்தின் சில காட்சிகள் இங்குள்ள கழிவு மண் மேடுகளில் எடுக்கப்பட்டவை; கதைக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவே. படத்தைப் பார்த்துவிட்டு ஊரை எடைபோடுவது, தங்கள் உரிமைக்காகத் தாங்களே எழுந்து நின்ற மக்களை, ஒரு நாயகன் வந்து விடுவிக்கக் காத்திருந்தவர்களாக மாற்றிவிடும்.

பா. ரஞ்சித் இயக்கி விக்ரம் நடித்த தங்கலான், 2024 ஆகஸ்ட் 15-ல் வெளிவந்தது. புனைவும் மாயமும் கலந்த படம் என்றாலும், வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குத் தங்கம் தேடிச் சென்றவர்களை மையத்தில் வைத்தது.

பிற விரிவுகள்

உயிர்வேதியியலில் இதே மூன்று எழுத்துகள் கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் குறிக்கின்றன. தோலின் மேலடுக்கு உயிரணுக்களையும் வாயின் உள்சவ்வையும் வளரத் தூண்டும் புரதம் அது. மருத்துவக் கட்டுரைகளில் இந்தச் சுருக்கம் வந்தால் ஊரோடு தொடர்புபடுத்தக் கூடாது.

சுரங்கம் மூடிய பின்

தங்கத்தின் அளவு குறைந்து, எடுக்கும் செலவு விலையை மிஞ்சியதால், 2001 பிப்ரவரி 28-ல் பி.ஜி.எம்.எல். சுரங்கங்கள் மூடப்பட்டன. ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் நிறைந்தது. வேலை இழந்தவர்களின் நிலுவைத் தொகையும் லைன் வீடுகளின் உரிமையும் நீண்ட வழக்குகளாயின.

மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்தப்பட்டதால், மிஞ்சிய கழிவு மண் மலைபோலக் குவிந்திருக்கிறது. சயனைடு மலை என்பது ஊரார் வைத்த பெயர். கோடைக் காற்றில் அதன் தூள் வீடுகளுக்குள் வந்து விழுகிறது. இந்த மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் இருப்பதாகக் கணக்கு. அதில் மீந்திருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இப்போது மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பெங்களூரின் அலுவலகங்களிலும் கட்டட வேலைகளிலும் கடைகளிலும் கேஜிஎஃப்காரர் என்றால் இந்த ரயில்களில் வருபவர் என்று பொருள். சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காத இளைஞரும் தம்மைக் கேஜிஎஃப்காரர் என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இந்தப் பெயரையே சொந்த ஊரின் பெயராக வைத்திருக்கின்றன.

ஆகவே கே.ஜி.எஃப். என்று எழுதுபவர் எந்தப் பொருளில் எழுதுகிறார் என்பதைத் தெளிவாக்குவது நல்லது. சுரங்கத்தைச் சொல்லும்போது சுரங்கத்தின் பெயரும், படத்தைச் சொல்லும்போது படம் என்ற குறிப்பும் சேர்ந்து வர வேண்டும். எந்தக் குறிப்பும் இல்லாமல் தனித்து வரும் கே.ஜி.எஃப்., இன்றும் மக்கள் வாழும் ஊரையே குறிக்க வேண்டும். அந்தப் பொருளை உண்டாக்கியவர்கள் அங்கே வாழ்ந்து உழைத்தவர்கள்.